கரட்டைப் பிடித்து நின்றவர்கள்

அந்த வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள் கீழக்கரட்டில் பொழுது விடிய நேரமானது. சேவல்கள் வழக்கம்போல் கூவிப் பார்த்தன, கூவியும் வெளிச்சம் வராததால் தங்கள்மேலேயே சந்தேகம் கொண்டு பாதியில் நிறுத்திக்கொண்டன. வாசல் தெளிக்க வந்த பெண்கள் வாளியும் கையுமாக நின்று கிழக்கே பார்த்தார்கள், பார்த்துவிட்டு, பீரோவை இடம் மாற்றி வைத்த வீட்டுக்குள் நுழைந்தவர்கள்போல மேற்கேயும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். மேற்கே கரடு இல்லை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஊருக்கு மேற்கே படுத்துக் கிடந்த, அங்கே கிடந்த ஒரே காரணத்தால் ஊருக்குக் கீழக்கரடு என்று பேர் வாங்கிக் கொடுத்த அந்த மொட்டைப் பாறைக் கரடு, அத்தனை கூரைகளையும் தாண்டிப் போய்க் கிழக்கே உட்கார்ந்திருந்தது. ஒரு ஓடு உடையவில்லை, ஒரு நாய் குரைக்கவில்லை, தொழுவத்தில் படுத்திருந்த மாடுகள்கூட எழுந்து நிற்கவில்லை.

மேற்கே அது இருந்த இடம் மாவுக்கட்டுப் பிரித்த கைபோல் வெளுத்துக் கிடந்தது. கிழக்கே அது உட்கார்ந்த இடம், மனை பிரித்து வண்ணக் கற்கள் நட்டிருந்த பொட்டல். அந்தக் கற்களும், 'வருக வருக' என்று எழுதிய தகர வளைவும் தவிர அதன் அடியில் எதுவும் அகப்படவில்லை.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ளத் தொடங்கியது. காலையில் வெயில் பிந்தி வந்ததால் துணி துவைப்பவர்கள் பிந்தித் துவைத்தார்கள், வடகம் போடுகிறவர்கள் மேலத் தெரு மாடிகளுக்கு இடம் கேட்டுப் போனார்கள், பள்ளிக்கூட வேன் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. மேற்கே மறைப்பு இல்லாமல் போனதால் ஆனிக் காற்று நேரே ஊருக்குள் புகுந்து, தெருவில் போகிறவன் வேட்டியை அவன் முகத்திலேயே போர்த்திவிட்டுப் போனது. தகரக் கூரைகளின்மேல் எல்லோரும் கல் ஏற்றினார்கள். உச்சியில் இருந்த கருப்பன் கிழக்கே பார்த்தபடி நட்ட சாமி. கரடு திரும்பாமல் அப்படியே நகர்ந்ததால், இத்தனை காலம் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போது ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அதைத்தான் பெண்களால் தாங்க முடியவில்லை. தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கி, பதிவேட்டின்படி கரடு மேற்கேதான் இருக்கிறது, மேலிடத்து உத்தரவு வரும்வரை கிழக்கே இருப்பதைக் கரடு என்று யாரும் குறிப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டு, கண்ணில் விழுந்த தூசியைக் கசக்கிக்கொண்டே திரும்பிப் போனார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாறுதல் ஒன்று இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் சூரியன் சீக்கிரமே கரட்டுக்குப் பின்னால் விழுந்துவிடும். ஊரும் அத்தோடு கடையைக் கட்டிவிட்டுச் சோறு பொங்கப் போய்விடும். இப்போது சூரியன் வெட்டவெளியில் அங்குலம் அங்குலமாக இறங்கியது. முடிவே இல்லாத மஞ்சள் வெளிச்சத்தில், காற்று ஒரு நிமிஷம் ஓயாமல் காதில் இரைய, புதிதாகக் கிடைத்த அந்த நீளமான சாயங்காலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஜனங்கள் பேசினார்கள்.

பேசுவதற்கு ஊரில் இரண்டு இடங்கள் இருந்தன. ஆண்களுக்குப் பஸ் நிறுத்தம். பெண்களுக்குத் திலகராணியின் மாவு மில்.

திலகராணியின் வீட்டுக்காரர் கேரளாவுக்கு லோடு அடிக்கும் லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பவர். அவள்தான் மில்லை நடத்தினாள். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுக்குக் குரல் பெருத்திருந்தது, பெருத்த குரலில் சொன்னதால் அவள் சொன்னதெல்லாம் தீர்ப்பு மாதிரி இருந்தது. மல்லியை முதலில் அரை, மிளகாயைக் கடைசியில் அரை, கடைசியாக ஒரு கைப்பிடி பச்சரிசி போட்டுக் கல்லைக் கழுவிவிடு. சூட்டோடு மாவை மூடாதே, பேப்பரில் பரப்பி ஆறவிடு, இல்லாவிட்டால் வண்டு வைக்கும். இந்த ஆட்சி தை தாண்டாது. போன தேர்தலில் பெட்டியை மாற்றிவிட்டார்கள். உப்பில் இப்போது என்னவோ கலக்கிறார்கள், அதனால்தான் எல்லோருக்கும் முட்டி வலிக்கிறது. மஞ்சளை முழுசாகக் கொண்டு வராதே, தட்டிக் கொண்டு வா. எல்லாம் ஒரே மூச்சில், ஒரே குரலில் வரும். மஞ்சள் விஷயத்தில் அவள் சொன்னது சரியாக இருந்ததால் ஆட்சி விஷயத்திலும் சரியாகத்தான் இருக்கும் என்று பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் மட்டும், "சும்மா சொன்னேன்டி" என்பாள். அந்த ஒரு சொல்லில் அவள் எல்லாவற்றிலிருந்தும் கையைக் கழுவிக்கொள்வாள்.

கரட்டைப் பற்றியும் அவளிடம் கேட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் அதற்குள் கிரானைட் கம்பெனி, செயற்கைக்கோள், எதிர்க்கட்சி, வெளிநாட்டுக் காந்தம் என்று பலதும் ஓடிக்கொண்டிருந்தன. மேலத் தெரு பொன்னுத்தாய், மிளகாய் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ என்ன நினைக்கிற திலகா?" என்று கேட்டாள்.

திலகராணிக்கு அப்போது நினைப்பு எதுவும் இல்லை. மல்லி ஓடிக்கொண்டிருந்தது, தொண்டை கமறியது. ஆனாலும் கேட்டதற்குப் பதில் இல்லாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை.

"அந்தக் கம்பத்த நட்ட பெறகுதான மதினி கரடு நகந்துச்சு?" என்றாள்.

கரட்டு உச்சியில் காற்றளக்கும் கம்பம் ஒன்று இருந்தது. காற்றாலை போடலாமா என்று பார்க்க ஏதோ ஒரு கம்பெனி நட்டது. நுனியில் மூன்று சின்னக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஞானதுரை என்ற இளைஞன் வந்து, மில்லுக்கு மேலேயே, திலகராணியின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். சாதுவானவன். அவன் பேசும் தமிழ் ஊருக்கு வேடிக்கையாக இருக்கும். மாடிப்படியில் இறங்கும்போது, "எக்கா, தூசி ரொம்பக் கெடக்கு, மூக்கக் கெட்டிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். அவன் ஊரில் சம்சாரம் எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தாள்.

"சும்மா சொன்னேன் மதினி" என்று திலகராணி சேர்த்துக்கொண்டாள். மிஷின் சத்தத்தில் அது பொன்னுத்தாய் காதில் விழவில்லை.

சில நாள் கழித்து அவளுடைய போனில் ஒரு குரல் செய்தி வந்தது. யாரோ முன்பின் தெரியாத பெண், சென்னையோ கோயம்புத்தூரோ, மூச்சு வாங்கப் பேசினாள். கீழக்கரட்டில் ஒரு கம்பம் நடப்பட்டிருக்கிறது உறவுகளே, அதற்குள் இருப்பது காற்றளக்கும் கருவி அல்ல, அது பாறைகளை எழுப்பும் கருவி, முதலில் கரடு, அடுத்து ஊர், காலி செய்த இடத்தை யாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று யோசியுங்கள், இதை அங்கே இருக்கும் விவரமான பெண்மணி ஒருவரே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார், பத்துப் பேருக்காவது அனுப்புங்கள். திலகராணி அதை அடுப்படியில் நின்று கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. பார்த்தியா, அங்கேயுமே சொல்கிறார்கள், அப்படியென்றால் ஏதோ இருக்கிறது என்று நினைத்தாள். இரண்டாம் முறை கேட்டபோதுதான், அந்த விவரமான பெண்மணி தான்தான் என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்த பிறகும் பாதி நம்பிக்கை போகவில்லை. அண்ணாந்து பார்த்தாள், மாடியில் ஞானதுரை நடக்கும் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் அவனுக்குக் கடையில் பால் தீர்ந்துபோனது, அவன் போன பிறகு வருகிறவனுக்குப் பால் இருந்தது. தண்ணீர் கேன் போடும் ஆட்டோ மில் வாசலில் நிற்காமல் போனது. அவன் தெருவில் நடந்தால் பெண்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் படியில் உட்கார்ந்து அவளிடம் கேட்டான்.

"எக்கா, நான் காத்த அளக்கத்தானே வந்தேன். இந்த ஆளுவளுக்கு எம்மேல என்ன கோவம்? யாரு இப்பிடிச் சொன்னா?"

"ஊர் வாயி தம்பி. நாலு நாள்ல வேற பேச்சு வந்துரும்" என்றாள் திலகராணி. அவன் முகத்தைப் பார்க்காமல் சல்லடையைத் தட்டினாள். அன்றைக்கு அவள் அரைத்த மாவில் குறுணை விழுந்தது, அவளுடைய கையில் அதற்குமுன் ஒருநாளும் அப்படி விழுந்ததில்லை.

வேறு பேச்சு வரவில்லை. ஆடி பிறந்து காற்று இன்னும் முறுகியது. தூசியில் எல்லோருக்கும் கண் சிவந்தது, பிள்ளைகளுக்கு இருமல் கண்டது, சாயங்காலங்கள் நீண்டுகொண்டே போயின. அப்படி ஒரு சாயங்காலத்தில், தெருவே மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அவர்கள் வந்தார்கள். முன்னால் முன்னாள் கவுன்சிலர் ராசாங்கம், பின்னால் பஸ் நிறுத்தம் மொத்தமும், அதற்குப் பின்னால் பொன்னுத்தாயும் மேலத் தெருப் பெண்களும். சிலர் கையில் கூரையிலிருந்து எடுத்து வந்த கற்கள் இருந்தன.

"ஏத்தா திலகா, மேல இருக்க பயலக் கூப்பிடு" என்றார் ராசாங்கம். "சண்டை போட வரல. எடுத்த எடத்துல கரட்ட வைக்கச் சொல்லு. வச்சுட்டு அவன் பாட்டுக்குப் போகட்டும்."

"அவனால எப்பிடிண்ணே வைக்க முடியும்? அவனா எடுத்தான்?"

"எடுத்தது அவன்தான்னு மெட்ராஸ் வரைக்கும் தெரிஞ்சிருக்கு."

திலகராணி மிஷினை நிறுத்தினாள். அந்த மில்லில் பகலில் மிஷின் நின்று யாரும் கேட்டதில்லை. சட்டென்று விழுந்த அமைதியில் காற்றின் இரைச்சல் மட்டும் பெரிதாகக் கேட்டது. மாடிப்படித் திருப்பத்தில் ஞானதுரை வந்து நிற்பதை அவள் பார்த்தாள்.

"அத மொதல்ல சொன்னவ நாந்தான்" என்றாள். "மல்லி அரைக்கும்போது மதினி கேட்டாக, வாய்க்கு வந்ததச் சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. கம்பத்தப் பத்தியும் தெரியாது, கரட்டப் பத்தியும் தெரியாது. சும்மா சொன்னேன்."

கூட்டத்தில் சிலர் கல்லைக் கை மாற்றிக்கொண்டார்கள். பிறகு பொன்னுத்தாய் முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நிஜமான கவலை இருந்தது.

"உன்ன மெரட்டிட்டாகளா திலகா? பயப்படாத. நாங்க இம்புட்டுப் பேரு இருக்கோம்."

"இல்ல மதினி. சத்தியமாச் சொல்றேன்."

"பாத்தீகளா, எப்பிடி நடுங்குறா" என்று பொன்னுத்தாய் மற்றவர்களிடம் திரும்பிச் சொன்னாள்.

முதல் கல் மாடிப்படிக் கைப்பிடியில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது ஞானதுரையின் தோளில் விழுந்தது. அவன் கத்தவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டு, கல் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவன்போல நின்றான். உண்மையைச் சொல்லி இவர்களை நிறுத்த முடியாது என்பது திலகராணிக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியது. உண்மையைச் சொல்ல அவளுக்கு அந்தப் பெருத்த குரல் வரவில்லை என்பதும் விளங்கியது. ஆகவே அவள் படியில் இரண்டு எட்டு ஏறி நின்று, மிஷின் சத்தத்துக்கு மேலே பேசும் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"எறிங்க. அவன் செத்தா அந்தக் கரட்ட யாரு பிடிக்கிறதுன்னு சொல்லிட்டு எறிங்க."

கற்கள் கையிலேயே நின்றன.

"யோசிச்சீகளா? கரடு நம்ம தலைக்கு மேலதான் தாண்டிப் போச்சு. ஒரு ஓடு ஒடஞ்சுச்சா? தொட்டில்ல கெடந்த பிள்ள முழிச்சுச்சா? அம்புட்டுப் பாறையையும் தூக்கிப் பிடிச்சுக் கொண்டு போய் அந்தப் பக்கம் எறக்குனது எது? அந்தக் கம்பந்தான். அது இல்லாட்டி இந்நேரம் நம்ம அம்புட்டுப் பேரும் அடியில கெடப்போம். இப்பவும் அவன் தினம் போயிப் பிடிக்கிறதாலதான் அது ஒக்காந்திருக்கு. கம்பத்தப் பிடுங்கிப் பாருங்க. கரடு எங்க வருதுன்னு பாருங்க."

அதைச் சொல்லி முடிக்கும்போது அவளுக்கே அது உண்மை போலத் தோன்றியது. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராசாங்கம் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான தங்கச்சி?" என்றார்.

அன்றைக்கே ஞானதுரைக்குப் பால் வந்தது. மறுநாளிலிருந்து பாலோடு முட்டை வந்தது, கறிக்குழம்பு வந்தது, தோளுக்கு ஒத்தடம் கொடுக்க நொச்சி இலையும் வேப்பெண்ணெயும் வந்தன. சாயங்காலமானால் ராசாங்கமும் இரண்டு மூன்று பேரும் அவனைக் கரட்டடிவரை கூட்டிப் போனார்கள். அவன் மேலே ஏறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை நிற்க வேண்டும். கீழே ஊர் அண்ணாந்து பார்த்து நிம்மதிப்பட்டது. அவன் தும்மினால் ஊர் பதறியது. கம்பெனியிலிருந்து, வேலை முடிந்துவிட்டது, திரும்பி வா என்று கூப்பிட்டபோது, ராசாங்கம் போனை வாங்கி, "தம்பி இங்க அவசியமான வேலையில இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டார். அவன் பஸ் நிறுத்தத்துக்குப் பையோடு போனபோது யாரும் அவனை அடிக்கவில்லை. பையை மட்டும் மரியாதையாக வாங்கி, தூக்கிக்கொண்டு வந்து மாடியில் வைத்தார்கள்.

அவன் திலகராணியிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான். கூட்டத்துக்கு முன்னால் அவள் சொன்ன உண்மை, பொய் இரண்டையும் அவன் படியில் நின்று கேட்டிருந்தான். இறங்கும்போது தூசியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அவள் பலகாரத் தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்வான், எக்கா என்று கூப்பிட மாட்டான்.

ஆடிக் கடைசியில் ஒருநாள், மாடியில் அவன் போனில் பேசும் குரல் உடைவதை அவள் கேட்டாள். சம்சாரத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, மாமியார் தனியாக நிற்கிறாள். திலகராணி ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

"அண்ணே, அந்தத் தம்பிய விட்டுருங்க. பொஞ்சாதி பிள்ளைப்பேத்துக்கு ஆஸ்பத்திரியில கெடக்கா."

"கரடு உருண்டா எத்தன பொஞ்சாதிக ஆஸ்பத்திரியில கெடப்பாகன்னு நெனச்சியா?" என்றார் ராசாங்கம். "நீதான சொன்ன?"

"நாந்தான் சொன்னேன். அவன் எனக்குச் சொல்லிக் குடுத்துட்டான். இனிமே நான் பிடிக்கிறேன்."

"பொம்பளைக்கு அது தாங்குமாத்தா?"

"நித்தம் மூடை தூக்குறவ. தாங்காதா?"

பஸ் நிறுத்தம் அதை மெல்ல விவாதித்தது. கம்பம் ஆணுக்குத்தான் கட்டுப்படும் என்றார் ஒருவர், கருப்பன் சன்னிதியில் பெண் ஏறலாமா என்றார் இன்னொருவர், அவள் வாக்கு இதுவரை பொய்த்ததில்லை என்றார் மூன்றாமவர். கடைசியில் ஒரு சாயங்காலம் ஒத்திகை பார்த்தார்கள். திலகராணி மேலே நின்று கம்பத்தைப் பிடித்தாள், ஞானதுரை கையை எடுத்தான், கரடு அசையவில்லை. கீழே எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

லோடு இறக்கிவிட்டு வந்திருந்த அவள் வீட்டுக்காரர் அவனை லாரியில் ஏற்றிக்கொண்டார். ஊரே சீதனம் மாதிரி தேங்காயும் பச்சரிசியும் கட்டிக் கொடுத்தது. ஏறி உட்கார்ந்தவன் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, கல்லெறிந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவளைப் பார்த்துப் பேசினான்.

"அந்தக் கம்பத்துல ஒண்ணுமில்ல. நீங்க பிடிச்சாலும் ஒண்ணுதான், பிடிக்காட்டியும் ஒண்ணுதான். தெரியும் இல்லியா?"

"தெரியாம என்ன? நான் பிடிக்கலைன்னா அடுத்தாப்புல இவுக யாரைத் தேடுவாகளோ. நீ போயிப் பிள்ளையப் பாரு."

லாரி கிளம்பி ஊர்ந்தது. "வாறேன் எக்கா" என்று அவன் சொன்னது காற்றில் பாதிதான் வந்து சேர்ந்தது. மறுநாளே செய்தி வந்தது: பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம்.

அப்புறம் தினமும் சாயங்காலம் திலகராணி மில்லை அடைத்துவிட்டுக் கரடு ஏறினாள். கருப்பனின் மறுபக்கத்தில், ஊரைப் பார்த்தபடி, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே கிண்ணங்கள் கிறுகிறுவென்று சுற்றின. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாள் முழுக்கப் பேசிப் பழகியவளுக்கு அங்கே பேச ஆளில்லை. கீழே தெரிந்த ஒவ்வொரு கூரையைப் பற்றியும் அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது, ஒவ்வொன்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், கேட்க ஆளில்லாததால் ஒவ்வொன்றும் சொல்லி முடிக்குமுன் சப்பென்று போனது. ஒரு நாள் வேண்டுமென்றே கையை எடுத்தாள். கரடு அப்படியே இருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது, உடனே பயமாகவும் இருந்தது. ஊர் பார்த்திருக்குமோ என்று சட்டென்று மறுபடி பிடித்துக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்து காற்று தணிந்தபோது பொன்னுத்தாய் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி சுக்குக் காப்பி.

"ஒத்தையில எத்தன நாளு நிப்ப? குடி. அதுவரைக்கும் நான் பிடிக்கிறேன்" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் கம்பத்தைத் தொட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை கவனமாக, தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் அவள் தொட்டதைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று திலகராணிக்கு நெஞ்சு முட்டியது. காப்பியைக் குடித்தாள். சொல்லவில்லை.

மறுநாள் பொன்னுத்தாயோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. மில்லில் காத்திருந்த பெண்கள் இப்போது கரட்டு உச்சியில் காத்திருந்தார்கள். ஒருத்தி கம்பத்தைப் பிடித்திருக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள், பேன் பார்த்தார்கள், இட்லிக்கு உளுந்து எவ்வளவு, அடுத்த ஆட்சி யாருக்கு, ரேஷன் பருப்பு ஏன் வேகமாட்டேன் என்கிறது, தடுப்பூசிக்குள் என்ன வைத்தார்கள் என்று பேசினார்கள். திலகராணியைக் கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பாள், பிறகு, "தெரியல மதினி" என்பாள். அவள் எதையோ மறைக்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். மறைக்கிறாள் என்பதால் அவளை இன்னும் மதித்தார்கள்.

ஐப்பசி மழைக்கு முந்தின ஒரு சாயங்காலத்தில், இப்படி அவர்கள் உட்கார்ந்திருந்தபோது, கம்பம் பொன்னுத்தாயின் கையில் இருந்த நேரத்தில், கரடு எழுந்தது.

படுத்திருந்த பசு முன்னங்காலை ஊன்றி எழுவதுபோல முதலில் ஒரு பக்கம் உயர்ந்தது, பிறகு மறுபக்கம். ஆய்ந்த கீரை ஒரு ஓரமாகச் சரிந்தது. யாரும் கத்தவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பொன்னுத்தாய் கம்பத்தை இரண்டு கையாலும் இறுக்கினாள். "பிடிச்சுத்தான திலகா இருக்கேன்" என்றாள் சின்னக் குரலில். "எனக்குத் தெரியும் மதினி. உங்க மேல தப்பில்ல" என்றாள் திலகராணி, எழுந்து போய் அந்தக் கைகளின்மேல் தன் கையை வைத்தாள்.

கரடு மெதுவாக, நெல் வண்டி போகிற வேகத்தில், ஊருக்கு மேலாக நகர்ந்தது. காற்றில்லை. மஞ்சள் வெளிச்சத்தில் அவர்கள் தங்கள் ஊரை அதற்குமுன் யாரும் பார்த்திராத விதமாக, நேர் மேலே இருந்து பார்த்தார்கள்: கொடிகளில் காய்ந்த தங்கள் சேலைகளை, தண்ணீர்த் தொட்டிகளின் திறந்த வாய்களை, ஒருத்தி வீட்டு முற்றத்தில் யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருந்த மருமகளை, பஸ் நிறுத்தத்தில் கரட்டின் நிழல் தங்கள்மேல் ஏறுவதைக்கூட அறியாமல் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்த ஆண்களின் வழுக்கைகளை. பள்ளிக்கூட வாசலில் ஒரு நாய் அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது. அத்தனை பெண்களில் ஒருத்தியிடமும் எதைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் இல்லை. வெகுநேரம் கழித்து யாரோ ஒருத்தி, "அடுப்புல பால வச்சுட்டு வந்தேன்" என்றாள். 

கரடு வடக்கே போய், கருவேலங்காட்டில் இறங்கி உட்கார்ந்தது. அவர்கள் இறங்கி வந்தபோது ராசாங்கமும் மற்றவர்களும் மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார்கள்.

"யாரு கைய எடுத்தது?" என்றார் ராசாங்கம்.

"யாரும் எடுக்கல" என்றாள் பொன்னுத்தாய். "பிடிக்கப் பிடிக்கவே போச்சு."

"அப்ப எவனோ கீழ இருந்து தூக்கியிருக்கான். நான் அப்பவே சொன்னேன், இந்தக் காட்டுக்குள்ள வடநாட்டுப் பயலுக கரிமூட்டம் போட வந்தாங்கல்ல..."

"நீங்க அப்ப எங்கண்ணே இருந்தீக?" என்று பொன்னுத்தாய் கேட்டாள்.

"பஸ்ஸ்டாப்புலதான்."

"நாங்க அதுமேல இருந்தோம். யாரும் தூக்கல. அதுவாப் போச்சு. யாரு மேலயும் கைய வச்சுராதீக."

அவள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பின்னால் நின்ற பெண்கள் ஒருத்தி மிச்சமில்லாமல் தலையாட்டினார்கள். ராசாங்கம் இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்து, அத்தனை முகங்களையும் பார்த்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கருவேலங்காட்டுப் பக்கம் யாரும் கல்லோடு போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் பேச்சு நின்றுவிடவில்லைதான். ஆனால் பேசுகிறவன் பேச்சு முற்றும் இடத்தில், அந்த வழியாகப் போகிற பெண் யாராவது நின்று, நீங்க அப்ப எங்க இருந்தீக என்று கேட்டுவிட்டுப் போவாள்.

கரடு வடக்கே போனதில் காலை வெயில் ஊருக்கு நேரத்துக்கு வந்தது. வடகம் போடுகிறவர்கள் தங்கள் மாடிக்கே திரும்பினார்கள். தாசில்தார் மறுபடி வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மில்லில் திலகராணிக்குப் போன் வந்தது. பின்னால் பச்சைப் பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"எக்கா, இங்க எங்க ஊருல எல்லாருக்கும் ஒரு வாய்ஸ் வந்திருக்கு. கீழக்கரட்டுப் பொம்பளைக எல்லாரும் சேந்து மந்திரம் சொல்லிக் கரட்டப் பறக்க விட்டாங்களாம். அது எப்பிடி எக்கா போச்சு? உங்களுக்குத்தான் தெரியுமே."

மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. திலகராணி மிஷினை நிறுத்திவிட்டு, வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பிடிப் போச்சுன்னு தெரியாது தம்பி. ஏன் போச்சுன்னும் தெரியாது. நான் அதுமேல இருந்தேன், பாத்ததச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"நம்ம மில்லுக்கு நேர் மேலதான் போச்சு. நீ இருந்த ரூம்புக்கு மேல, தகரத்து மேல ஒரு செருப்பு கெடக்கு. ஒத்தச் செருப்பு, சின்னப் பிள்ளைக போடுறது, செவப்பு வாரு வச்சது."  தெருவில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் கால்களும் அவள் மனசில் வந்து போயின. "யாருதுன்னு தெரியல" என்றாள்.